மலை வீட்டு ஹோம் தியேட்டருக்கு பவர் கண்டிஷனர்: எர்த்து முதல்ல, பொட்டி கடைசியில

கேள்விய ஒருவாட்டி சுருக்கமா போட்டுடறேன், மத்தவங்க படிக்கறப்ப புரியணும்ல. கேள்வி கேட்ட தம்பிக்கு குன்னூர் வண்டிச்சோலை பக்கம் தாத்தா காலத்து ஓட்டு வீடு. அதுல ஒரு ரூமை ஒதுக்கி 65 இன்ச் டிவி, 7.1 ரிசீவர் (ஸ்பீக்கருங்க எல்லாத்தையும் ஓட்டற ஆம்ப்ளிஃபையர் பொட்டி), பவர்டு சப்வூஃபர், ப்ளூரே பிளேயர், கேபிள் செட்டாப் பாக்ஸ், லேம்ப் போட்ட பழைய புரொஜெக்டர் ஒண்ணு, எல்லாம் செட் பண்ணியாச்சு. போன இடி மழையில ரிசீவரோட எச்டிஎம்ஐ போர்டு போயிடுச்சு. இனிமே போகாம இருக்க எந்த பவர் கண்டிஷனர் (சர்ஜையும் இரைச்சலையும் தடுத்து கரண்ட்டை சாமானுக்கு விடற பொட்டி) நல்லது, அமெரிக்காவுல இருக்கற மச்சான் லீவுக்கு வர்றப்ப ஒண்ணு தூக்கிட்டு வர்றேங்கிறாரு, வாங்கிக்கலாமா, இல்ல கடையில கிடைக்கற ஸ்பைக் பஸ்டரே போதுமா, வீட்டுல இருக்கற இன்வெர்ட்டர்ல மாட்டினா ஆகாதா. இதுதான் கேள்வி.

மச்சானுக்கு இன்னைக்கே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க. அங்க வீட்டு கரண்ட் 120 வோல்ட், நம்மளுது 230. கண்டிஷனரோ ஸ்பைக் பஸ்டரோ, உள்ள சர்ஜை, அதாவது திடீர்னு பாயற வோல்டேஜைத் தடுக்கற சாமான் பெரும்பாலும் எம்ஓவிதான், எட்டணா சைஸ்ல வட்டமா ரெண்டு கால் வெச்சு போர்டுல நிக்கும். அதோட வேலை ஒரு அளவு வோல்ட்டுக்கு மேல போனா தன் வழியா கரண்ட்ட வழிச்சு விட்டுடறது. 120 வோல்ட் பொட்டியில இருக்கறது சாதாரணமா 130 இல்ல 150 வோல்ட் ஏசி தாங்கற எம்ஓவி. நம்ம 230 வோல்ட் அலையோட உச்சி 325 வோல்ட். அப்ப ஒழுங்கான கரண்ட் வந்தாலே அதுக்கு சர்ஜ் மாதிரித்தான் தெரியும், வழிச்சு விட ஆரம்பிச்சு சூடேறி டப்புனு வெடிக்கும், வாசம் ரெண்டு நாளைக்கு ரூம்ல நிக்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 ஆக்கி ஓட்டலாமேன்னு யாராவது சொல்வாங்க. ஓட்டலாம், ஆனா அதுல இருந்து வெளிய வர்றதும் 110 தானே, இங்க வாங்குன ரிசீவரை அதுல எப்படி மாட்டுவீங்க. ஃபர்மன் மாதிரி கம்பெனிங்க 230 வோல்ட்டுக்குன்னு தனி மாடல் போடறாங்க, மாடல் நம்பர் கடைசியில ஈ-ங்கற இங்கிலீஷ் எழுத்து இருக்கும். என்னைக்காவது வாங்கறதா இருந்தா அந்த மாதிரி 230 வோல்ட்டுன்னு பின்னாடி தகட்டுல அடிச்சது மட்டும்தான்.

இப்ப உங்க எச்டிஎம்ஐ போர்டு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அதுலயே பாதி பதில் இருக்கு. பவர் ப்ளக் வழியா பெரிய சர்ஜ் வந்து அடிச்சிருந்தா ரிசீவரோட பவர் சப்ளை, ஃப்யூஸ், ஸ்டாண்ட்பை போர்டு இதுங்கதான் பெரும்பாலும் முதல்ல போயிருக்கும். பவர் ஆன் ஆகுது, ரேடியோ பாடுது, எச்டிஎம்ஐ மட்டும் செத்துப்போச்சுன்னா அடி வேற வழியா வந்திருக்கு. பாருங்க, கேபிள் டிவிக்காரரோட கோஆக்ஸ் ஒயர் கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம், எத்தனையோ தூரம் மலைச்சரிவுல வெட்ட வெளியில தொங்கிட்டு வருது. பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தா போதும், நேரா ஒயர் மேலயே விழணும்னு இல்ல, அந்த நீள ஒயர்ல வோல்டேஜ் தூண்டப்படும். அது செட்டாப் பாக்ஸுக்குள்ள வந்து, அங்க இருந்து எச்டிஎம்ஐ கேபிள்ல ஏறி, ரிசீவர் உள்ள போயி, அதோட எர்த்து வழியாவோ இன்னொரு கேபிள் வழியாவோ வெளிய போகும். போற வழியில அஞ்சு வோல்ட்டுக்குள்ள வேலை செய்யற எச்டிஎம்ஐ சிப்பு எம்மாத்திரம். லட்ச ரூபாய்க்கு கண்டிஷனர் வாங்கி பவர் ஒயரை மட்டும் அதுல மாட்டியிருந்தாலும் இது நடந்திருக்கும்.

அதனால என் கருத்து, மலையில கண்டிஷனர்ங்கறது கடைசியா காசு மிச்சம் இருந்தா வாங்கற சாமான். அதுக்கு முன்னாடி எர்த்து, மெயின் போர்டு, வீட்டுக்குள்ள வர்ற மத்த ஒயருங்க, அப்புறம் வோல்டேஜ், இந்த வரிசையில காசைப் போடணும். கடைக்காரர் பொட்டியைத்தான் முதல்ல காட்டுவாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது, எர்த்து பிட்டை ஷோகேஸ்ல வைக்க முடியுமா.

நம்ம மலையில கரண்ட்டுக்கு என்னென்ன கேடு வருதுன்னு தெரிஞ்சாத்தான் எதுக்கு என்ன வாங்கணும்னு புரியும். 1932-ல பைக்காராவுல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து குந்தா வரைக்கும் நம்ம தண்ணியில எடுத்த கரண்ட்டு கீழ கோயமுத்தூருக்குப் போயிட்டேதான் இருக்கு, ஆனா இங்க ஒரு காத்தடிச்சா நாம மெழுகுவத்தி தேடறோம். காரணம் யாரோட குத்தமும் இல்ல, இடம் அப்படி. லைன் எல்லாம் கற்பூர மரம், சீகை மரம், எஸ்டேட் சில்வர் ஓக் இதுங்களுக்கு நடுவுலதான் போயாகணும். மழையில செம்மண்ணு ஊறி வேர் பிடி விட்டு மரம் சாயறப்ப ஒயரையும் கூட்டிட்டுத்தான் போகும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நேரத்துல யாரு என்ன பண்ண முடியும். மேற்குப் பக்கம், கூடலூர், பந்தலூர், ஊட்டிக்கு அந்தப் பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், குன்னூர், கோத்தகிரி பக்கம் நமக்கு அக்டோபர், நவம்பர்ல மழை. இடி மின்னல்னு பார்த்தா ஏப்ரல், மே கோடை மழையும் ஐப்பசி மழையும்தான் மோசம்.

இதுல எல்லாரும் பயப்படறது இடிக்கு. நான் அதைவிட அதிகமா பயப்படறது நியூட்ரல் கட் ஆகறதுக்கு. நம்ம கம்பத்துல வர்றது மூணு ஃபேஸ் ஒரு நியூட்ரல். வீட்டுக்கு ஒரு ஃபேஸும் அந்த நியூட்ரலும் வரும். மரக்கிளை விழுந்தோ, ஜாயிண்ட் துருப்பிடிச்சோ அந்த நியூட்ரல் மட்டும் எங்கயாவது அறுந்துச்சுன்னா, வேற வேற ஃபேஸ்ல இருக்கற வீடுங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சீரீஸ்ல மாட்டிக்கும். ஒரு வீட்டுல 120 வோல்ட் வந்து பல்பு மங்கலா எரியும், அடுத்த வீட்டுல 300, 350, சமயத்துல 400 வோல்ட் கிட்ட போகும். எந்த வீட்டுல கீசர் ஓடுது, எந்த வீட்டுல வெறும் டிவி மட்டும் ஓடுதுங்கறதைப் பொறுத்து அது மாறும், லோடு கம்மியா இருக்கற வீட்டுக்குத்தான் அடி. இதுல ஸ்பைக் பஸ்டர் ஒண்ணும் பண்ணாது. சரியா சொல்லணும்னா அதுதான் முதல்ல எரியும், ஏன்னா நம்ம ஊருக்குப் போடற எம்ஓவி 275 வோல்ட் ஏசிக்கானது, 430 வோல்ட்டுல கடத்த ஆரம்பிக்கும், 400 வோல்ட் ஏசியோட உச்சி 565. இடி சர்ஜ் மைக்ரோசெகண்ட் கணக்குல வந்துட்டுப் போயிடும், அதை எம்ஓவி முழுங்கும். இது நிமிஷக் கணக்குல நிக்கற வோல்டேஜ், அதை முழுங்க முடியாது, சூடேறி தீப்பிடிக்கும். நல்ல பொட்டியில தெர்மல் ஃப்யூஸ் வெச்சு கழட்டி விட்டுடுவாங்க, மட்டமான ஸ்ட்ரிப்புல அதுவும் இருக்காது, பிளாஸ்டிக் உருகும்.

இதுக்கு மருந்து ரொம்ப மலிவு. ஓவர் வோல்டேஜ் அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர்னு எலக்ட்ரிக்கல் கடையில கேளுங்க, எம்சிபி மாதிரியே போர்டு ரெயில்ல மாட்டறது, முன்னாடி வோல்ட் நம்பர் ஓடும். 40 ஆம்ப், 63 ஆம்ப்ல வருது. மேல 265, கீழ 175 அப்படின்னு நாமளே செட் பண்ணிக்கலாம், அதைத் தாண்டுனா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள கட் பண்ணிடும். அதுல திரும்ப ஆன் ஆகற நேரத்தையும் செட் பண்ணலாம், அதை மூணு நிமிஷம் வைங்க. ஏன்னு கேட்டீங்கன்னா கரண்ட் போறப்ப சாமான் போறதைவிட வர்றப்ப போறதுதான் ஜாஸ்தி. வரும், போகும், வரும், போகும், ஊர்ல இருக்கற ஃபிரிட்ஜ், கீசர், ஹீட்டர் எல்லாம் ஒரே நேரத்துல இழுக்கும், பக்கத்துல தேயிலை ஃபேக்டரி இருந்தா அவங்க மோட்டார் எல்லாம் ஸ்டார்ட் ஆகும், அந்த அமளி அடங்கட்டும், அப்புறம் நம்ம ரிசீவர் ஆன் ஆனா போதும். விலை ஆயிரம் ரூபாய்க்கு அப்படி இப்படித்தான் வரும். வீட்டுக்கு மொத்தமா போட்டுட்டா ஃபிரிட்ஜும் பிழைச்சுக்கும்.

அதே போர்டுல பக்கத்துலயே ஒரு எஸ்பிடி, அதாவது சர்ஜைத் தடுக்கற கருவி போடணும், இதுதான் இடிக்கு. டைப் 1, டைப் 2, டைப் 3-ன்னு மூணு வகை உண்டு. டைப் 1 இடிதாங்கி கம்பி வெச்ச கட்டடத்துக்கு, நேரடி மின்னல் கரண்ட்டைத் தாங்கறது. சாதாரண வீட்டுக்கு மெயின் போர்டுல டைப் 2. டைப் 3-ங்கறது சாமான் பக்கத்துல வைக்கறது, நீங்க கேக்கற கண்டிஷனர், ஸ்பைக் பஸ்டர் எல்லாம் அந்த வகைதான். மூணாவது கேட்டுல காவல்காரனை நிறுத்திட்டு மெயின் கேட்டைத் திறந்து வெச்ச கதையா இருக்கக்கூடாதுன்னுதான் சொல்றேன். வாங்கறப்ப 8/20 மைக்ரோசெகண்ட் சோதனை அலைக்கு 20 கிலோ ஆம்ப் நாமினல், 40 கிலோ ஆம்ப் மேக்ஸிமம்னு போட்டது எடுங்க. யூசி-ன்னு, அது எப்பவும் தாங்கற வோல்டேஜ் ஒண்ணு போட்டிருப்பாங்க, 275-ம் கிடைக்கும் 320-ம் கிடைக்கும், நம்ம மலையில நடுராத்திரி வோல்டேஜ் தானா ஏறும், அதனால 320 எடுங்க. பச்சை ஜன்னல் இருக்கும், செவப்பா மாறுனா உசுரு போச்சுன்னு அர்த்தம், உள்ள இருக்கற குப்பியை மட்டும் கழட்டி மாத்திக்கலாம். ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா கட் ஆகற சுவிட்ச்) இருந்தா அதுக்கு முன்னாடி, மீட்டர் பக்கமா எஸ்பிடி வரணும், இல்லாட்டி சர்ஜ் எர்த்துக்குப் போறப்ப ஆர்சிசிபி சும்மா சும்மா விழும்.

எலக்ட்ரீஷியன்கிட்ட இதை கட்டாயம் சொல்லுங்க: எஸ்பிடியில இருந்து ஃபேஸ் பக்கமும் எர்த்து பக்கமும் போற ஒயரு ரெண்டும் சேர்த்து அரை மீட்டருக்கு மேல போகக்கூடாது. நேரா, குட்டையா. அழகா வளைச்சு மடிச்சு கட்டி வெச்சா பார்க்க நல்லா இருக்கும், ஆனா சர்ஜ் அவ்வளவு வேகமா ஏறறப்ப ஒரு மீட்டர் ஒயருக்கே ஆயிரம் வோல்ட் கணக்குல நிக்கும், எஸ்பிடி தடுத்தும் அந்த ஆயிரம் உங்க வீட்டுக்குள்ள போகும். இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, நல்ல கம்பெனி எஸ்பிடி வாங்கி ரெண்டு மீட்டர் ஒயர்ல தொங்கவிட்டு வெச்சிருக்கறதை எத்தனையோ ரிசார்ட்ல பார்த்திருக்கேன்.

இப்ப எர்த்து. இதை ஏன் முதல்லயே சொல்லலைன்னா, சொன்னா யாரும் மேல படிக்க மாட்டாங்க. எஸ்பிடியும் சரி கண்டிஷனரும் சரி, சர்ஜை மாயமாக்கறதில்ல, பெரும்பாலும் எர்த்து பக்கம் தள்ளி விடுது. தள்ளி விட எடம் இல்லைன்னா அது சும்மா அலங்காரம். உங்களுது தாத்தா காலத்து வீடுங்கறீங்க, முதல்ல சாக்கெட்டுல மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒயர் இருக்கான்னு பாருங்க. பழைய பங்களா, எஸ்டேட் குவார்ட்டர்ஸ், ஹட்டி (படுகர் ஊரு) வீடுங்க பலதுல மரக் கேசிங்குல ரெண்டு ஒயர்தான் போயிருக்கும், பின்னாடி யாரோ மூணு ஓட்டை சாக்கெட் மட்டும் மாத்தியிருப்பாங்க. அதைவிட மோசம், எர்த்து இல்லைன்னு நியூட்ரலையே எடுத்து எர்த்து பின்னுல லூப் பண்ணி வெச்சிருப்பாங்க. டெஸ்டருக்கு எல்லாம் சரியாத்தான் காட்டும். ஆனா அந்த நியூட்ரல் ஒயரு எங்கயாவது விட்டுச்சுன்னா உங்க ரிசீவர், சப்வூஃபர், பிளேயர் எல்லாத்தோட இரும்பு பாடியும் 230 வோல்ட்டுல நிக்கும். ரிமோட்டை வெச்சுட்டு கையால வால்யூம் திருப்பப் போறவங்க கதி என்ன.

ஒரு மல்டிமீட்டர் வெச்சு பார்த்துடலாம், கை பழக்கம் இல்லைன்னா எலக்ட்ரீஷியனை வெச்சு பாருங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வருதா, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வரணும். 120, 150-ன்னு ஏதோ பாதி காட்டுனா எர்த்து எங்கயும் போகல, அந்தரத்துல தொங்குது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அதே சாக்கெட்டுல அயர்ன் பாக்ஸ் மாதிரி பெரிய லோடு போட்டும் அந்த அளவு அசையாம சுத்தமா சைபர்ல நிக்குதுன்னா சந்தோஷப்படாதீங்க, அங்கதான் லூப் அடிச்சிருக்கான்னு சந்தேகப்படணும், அந்த சாக்கெட்டை கழட்டிப் பாருங்க.

புதுசா எர்த்து போடறதா இருந்தா, கீழ சமவெளியில போடற மாதிரி ரெண்டரை மீட்டர் பைப்பை நட்டு கரி உப்பு போட்டு மூடறது இங்க பல எடத்துல நடக்காது, மூணு அடி தோண்டுனா பாறை வந்துடும். அப்ப என்ன பண்றதுன்னா குட்டையான ராடு ரெண்டு மூணை தள்ளித் தள்ளி நட்டு ஒண்ணா இணைக்கலாம், ஒண்ணுக்கொண்ணு கிட்டக்க நட்டா பிரயோஜனம் இல்ல, குறைஞ்சது ராடு நீளத்துக்காவது தள்ளி இருக்கணும். இல்ல நீளமா வாய்க்கா மாதிரி வெட்டி செம்புப் பட்டையையோ ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பட்டையையோ படுக்கப் போட்டு பெண்டோனைட், அதாவது ஈரம் பிடிச்சு வைக்கற களிமண்ணு கொட்டி மூடலாம். வீட்டுக்கு மேல் பக்கம் போடாதீங்க, சரிவுக்குக் கீழ் பக்கம், குளிக்கற தண்ணி வடியற எடம், கீரைப் பாத்தி பக்கம், அங்கதான் ஈரம் நிக்கும். மழைக்காலத்துல அளந்துட்டு 3 ஓம்முன்னு திருப்தி ஆகிடாதீங்க, ஜனவரி பிப்ரவரியில பகல்ல வெயிலு ராத்திரி பனின்னு மண்ணு காயறப்ப அளக்கணும், அப்ப 5 ஓம்முக்குள்ள இருந்தா வீட்டுக்கு நல்ல எர்த்துதான். எர்த்து டெஸ்டர் வெச்சிருக்கறவங்க குன்னூர்லயே கிடைப்பாங்க.

ஆடியோக்காரங்க சில பேரு தியேட்டருக்குன்னு தனி எர்த்து போடு, வீட்டு எர்த்தோட சேக்காதேன்னு சொல்வாங்க. அதைக் கேக்காதீங்க. இடி விழறப்ப ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல வோல்டேஜ் வித்தியாசம் வரும், அது பாயறதுக்கு வழி தேடறப்ப உங்க எச்டிஎம்ஐ கேபிளும் லேன் கேபிளும்தான் பாலம். எத்தனை ராடு வேணா நடுங்க, எல்லாம் ஒண்ணா சேரணும். டிடிஎச் டிஷ் கூரை மேல இருந்தா அந்தக் கம்பமும் அதே எர்த்துக்கு வரணும்.

அடுத்து கோஆக்ஸ். உங்க ரிசீவரைக் கொன்னதுன்னு நான் சந்தேகப்படறது அதைத்தான். கேபிள் வீட்டுக்குள்ள நுழையற எடத்துல, மெயின் போர்டு பக்கத்துல கொண்டு வந்து, ஒரு கோஆக்ஸ் சர்ஜ் அரெஸ்டர் போட்டு அதே எர்த்து பட்டையில கட்டுங்க. கண்டிஷனர்லயே கோஆக்ஸ் ஓட்டை இருந்தா அதையும் பயன்படுத்தலாம், ஒரே பொட்டி வழியா பவரும் கேபிளும் போனா ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் வராது, கண்டிஷனர் பொட்டியில உண்மையா உபயோகமான விஷயம் அது ஒண்ணு. இதைவிட நல்லது, ஃபைபர் நெட் எடுத்துட்டு செட்டாப் பாக்ஸையே தூக்கிடறது. கண்ணாடி இழையில கரண்ட்டு ஏறாது. ஃபைபரைத் தாங்கறதுக்கு கூடவே ஸ்டீல் கம்பி வந்தா அதை வீட்டுக்கு வெளியவே வெட்டி விடச் சொல்லுங்க, உள்ள மோடம் வரைக்கும் இழுத்துட்டு வர வேண்டாம். மோடத்துல இருந்து டிவிக்கு லேன் ஒயரு இழுக்காம வைஃபையில விட்டா இன்னொரு வழியும் அடைஞ்சுது.

வோல்டேஜுக்கு வருவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எல்லா வீட்டுலயும் கீசரு, டிசம்பர் ஜனவரியில ரூம் ஹீட்டரு, சீசன்ல காட்டேஜ் பூராவும் ஆளு, லைனோட கடைசியில இருக்கற வீட்டுக்கு 180, 170-ன்னு இறங்கும். ராத்திரி எல்லாரும் படுத்ததும் 250 தாண்டும். உங்க டிவி, பிளேயர், செட்டாப் பாக்ஸ் இதுல கவலைப்படாது, பின்னாடி 100-240 வோல்ட்டுன்னு போட்டிருந்தா 170-லயும் சிரிச்சுட்டு ஓடும். ரிசீவர் அப்படி இல்ல. நிறைய ரிசீவர்ல உள்ள பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், 230-ன்னு மட்டும் போட்டிருக்கும், வோல்டேஜ் இறங்குனா அதோட பவரும் இறங்கும், படத்துல சண்டைக் காட்சி வர்றப்ப புரொடெக்ஷன்ல போயி ஆஃப் ஆகும். சப்வூஃபரும் சிலது அப்படித்தான். அதனால ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் மட்டும் ஒரு ஸ்டெபிலைசர். வி-கார்டு மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச கம்பெனி எதுவா இருந்தாலும் சரி, பொட்டி மேல எழுதியிருக்கற இன்புட் ரேஞ்சைப் பாருங்க, 140-ல இருந்து 290 வரைக்கும் போற மாதிரி இருக்கணும், ஹை கட் ஆஃப் இருக்கணும். டிவிக்குன்னு விக்கற குட்டி ஸ்டெபிலைசர் ரிசீவருக்குப் பத்தாது, ரெண்டு தகட்டுலயும் போட்டிருக்கற வாட்டைக் கூட்டி அதுல பாதிய சேத்துக்குங்க, பெரும்பாலும் ஒண்ணரை கேவிஏ கிட்ட வந்து நிக்கும்.

சர்வோ ஸ்டெபிலைசர் வாங்கலாமான்னு கேப்பீங்க. வோல்டேஜை நூல் பிடிச்ச மாதிரி வெச்சுக்கும், உண்மை, ஆனா உள்ள மோட்டார் சுத்தற சத்தம் இருக்கு, சட்டுன்னு வர்ற ஏற்றத்துக்கு அது மெதுவு, கார்பன் பிரஷ் பார்த்துக்கணும். ஒரு ரூம் தியேட்டருக்கு அது தேவை இல்ல. ரிலே டைப்பே போதும், டக் டக்குன்னு சத்தம் வரும், அதை அடுத்த ரூம்ல வெச்சுடுங்க.

இன்வெர்ட்டர் கேட்டீங்களே. உங்களுது ப்யூர் சைன் வேவா (லைன் கரண்ட் மாதிரி வளைஞ்ச அலை) இல்ல ஸ்கொயர் வேவான்னு (கட்டம் கட்டமான அலை) முதல்ல பாருங்க. ஸ்கொயர் வேவுல ரிசீவரோட டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி கத்தும், சப்வூஃபர்ல ஒரு உறுமல் வரும், சூடும் ஏறும். அப்படி இருந்தா தியேட்டரை அந்த லைன்ல இருந்து எடுத்துடுங்க. சைன் வேவா இருந்தா மாட்டலாம், ஆனா கரண்ட் இருக்கறப்ப இன்வெர்ட்டர் நேரா லைன் கரண்ட்டையேதான் உள்ள விடுது, அது ஸ்டெபிலைசர் கிடையாது, சர்ஜைத் தடுக்கறதும் கிடையாது. பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதுல போட்டா 180-ல இருந்து 260-க்குள்ள மட்டும்தான் லைனை விடும், தாண்டுனா பேட்டரிக்கு மாறிக்கும், மாறறதும் சட்டுன்னு. நம்ம சாயங்கால வோல்டேஜுக்கு அது அடிக்கடி பேட்டரிக்குப் போயி பேட்டரி சீக்கிரம் சாகும், அதனால இன்வெர்ட்டருக்கு முன்னாடி ஸ்டெபிலைசர் வந்தா நல்லது.

உங்க லேம்ப் புரொஜெக்டருக்கு மட்டும் நான் யூபிஎஸ் கட்டாயம்னே சொல்வேன். லேம்ப் கொதிச்சுட்டு இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா ஃபேனும் நின்னுடும், உள்ள சூடு அடைஞ்சு லேம்ப் ஆயுசு குறையும், சிலது பொட்டுனு போயிடும். ஒரு ஆயிரம் விஏ சைன் வேவ் யூபிஎஸ், பத்து நிமிஷம் தாங்குனா போதும், ஒழுங்கா ஆஃப் பண்ணி ஃபேன் ஓடி முடிக்கறதுக்கு. எல்இடி, லேசர் புரொஜெக்டருக்கு இந்த அவசரம் இல்ல. யூபிஎஸ் அவுட்புட்டுல ஸ்பைக் பஸ்டரையோ கண்டிஷனரையோ மாட்டாதீங்க, முக்கியமா யூபிஎஸ் ஸ்கொயர் வேவா இருந்தா, கண்டிஷனர் உள்ள இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர் அந்த அலையில சூடேறும். மாட்டறதா இருந்தா யூபிஎஸ்ஸுக்கு முன்னாடி.

இதெல்லாம் பண்ணதுக்கு அப்புறம் கண்டிஷனர். அதுல சர்ஜைத் தடுக்கற பாகம் ஒண்ணு, கரண்ட்டுல இருக்கற இரைச்சலை வடிகட்டற ஃபில்டர் ஒண்ணு, சிலதுல வோல்டேஜ் எல்லை தாண்டுனா தானா கட் ஆகற வசதி, சிலதுல ஒவ்வொரு சாக்கெட்டா நேரம் விட்டு ஆன் பண்றது, ஆம்ப்ளிஃபையர் கடைசியில ஆன் ஆகறதால ஸ்பீக்கர்ல டப்புனு அடிக்காது. எல்லாம் நல்லதுதான். ஆனா கண்டிஷனர் மாட்டுனதும் பேஸ் கெட்டியாச்சு, டயலாக் தெளிவாச்சு, படத்துல கருப்பு இன்னும் கருப்பாச்சுன்னு சொல்றதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. ஒழுங்கான ரிசீவர் ஒவ்வொண்ணுலயும் உள்ளயே அந்த ஃபில்டர் வேலை நடக்குது. ஃபிரிட்ஜ் ஆன் ஆகறப்ப ஸ்பீக்கர்ல டிக்குனு வருது, பக்கத்து ஃபேக்டரி மோட்டார் ஓடறப்ப கரகரன்னு வருதுன்னா அதுக்கு ஃபில்டர் உதவும். எந்நேரமும் ம்ம்ம்முன்னு ஒரு முனகல் கேக்குதுன்னா அது கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு வழியா எர்த்து சேர்ந்து சுத்தற கரண்ட்டு, பெரும்பாலும் அந்த கேபிள் டிவி கோஆக்ஸ்தான் காரணம், அதைக் கழட்டிட்டுக் கேளுங்க, நின்னுச்சுன்னா கோஆக்ஸுக்கு ஒரு ஐசோலேட்டர் போட்டா முடிஞ்சுது, கண்டிஷனர் அதை சரி பண்ணாது. முனகல் போகணும்னு ப்ளக்குல எர்த்து பின்னை மட்டும் வெட்டாதீங்க, நிறைய பேரு பண்றாங்க.

கண்டிஷனரோ நல்ல ஸ்பைக் பஸ்டரோ எடுத்தா மூணு விஷயம் பாருங்க, 230 வோல்ட், ஜூல் (சர்ஜை முழுங்கற அளவு) ஆயிரத்துக்கு மேல, அப்புறம் சர்ஜ் பாகம் செத்துப்போனா காட்டற லைட்டோ, இல்ல செத்ததும் அவுட்புட்டை கட் பண்றதோ இருக்கணும். எம்ஓவி ஒவ்வொரு அடி வாங்கறப்பவும் கொஞ்சம் தேயும், வெளிய பார்த்தா தெரியாது. லைட்டு அணைஞ்ச ஸ்ட்ரிப்பு வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ரூம் ஹீட்டரை அதுல மாட்டவே கூடாது, குளிருதேன்னு காலடியில ஹீட்டரை வெச்சு தியேட்டர் ஸ்ட்ரிப்புலயே சொருகறது நம்ம ஊரு பழக்கம், 2000 வாட்டு ஹீட்டரு 9 ஆம்ப் கிட்ட இழுக்கும், ப்ளக்கு கருகும்.

மூடுபனி விஷயமும் இருக்கு. ஜன்னல் திறந்து வெச்சா மேகமே ரூமுக்குள்ள வந்து உக்காருது, ரிலே, கனெக்டர் எல்லாம் பூத்துப்போகும், புரொஜெக்டர் லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்துல ரிசீவரை மாசக்கணக்கா அணைச்சு போடாம ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி ஒரு மணி நேரம் ஓட விடுங்க, அந்த சூட்டுலயே ஈரம் போயிடும்.

நேரா வீட்டு மேலயோ பக்கத்து மரத்துலயோ இடி விழுந்தா மேல சொன்னது எதுவும் முழுசா காப்பாத்தாது. வானம் கறுத்து உறுமல் கேக்க ஆரம்பிச்சதும் ப்ளக்கு, கேபிள், லேன் மூணையும் கையால உருவி வெச்சுடறதுதான் ஒரே வழி, இடி தலைக்கு மேல வந்தப்புறம் போயி உருவாதீங்க. எல்லா ப்ளக்கும் ஒரே எடத்துல கைக்கு எட்டற மாதிரி இருந்தாத்தான் வீட்டுல இருக்கற பெரியவங்களும் இதைச் செய்வாங்க, ரேக் பின்னாடி ஒளிச்சு வெச்சா யாரும் குனிய மாட்டாங்க.

இப்போதைக்கு நீங்க பண்ண வேண்டியது, சாக்கெட்டுல சொருகற வோல்ட் மீட்டர் ஒண்ணு வாங்குங்க, சில நூறு ரூபாய்தான். ஒரு வாரம் காலையில, சாயங்காலம் ஏழு மணிக்கு, ராத்திரி படுக்கறப்ப என்ன காட்டுதுன்னு எழுதி வைங்க, எர்த்து ரீடிங்கும் எடுங்க, ரிசீவர் சப்வூஃபர் பின்னாடி தகட்டை போட்டோ எடுங்க. அதைப் போடுங்க, ஸ்டெபிலைசர் தேவையா, எத்தனை கேவிஏ-ன்னு பார்த்து சொல்றேன்.